போட் மெயிலின் மறுபாதி
(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

பரமக்குடிக்கு அருகே இருப்புப்பாதையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. சென்னையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டி விடியுமுன் எங்கள் ஊரைக் கடக்கும்போது வீட்டுக் கதவு இலேசாக அதிரும். நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் என் அப்பாயியிடம் கேட்டேன்.

"இந்த வண்டிக்கு ஏன் அப்பாயி போட் மெயில்னு பேரு? போட்டுன்னா படகுதானே? தண்டவாளத்துல ஓடுறதுக்குப் போயி படகுன்னு பேரு வைப்பாங்களா?"

அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த அப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "இது பாதிதான் ராசா. மத்த பாதி கடல்ல ஓடுச்சு" என்றாள்.

அன்று அது விடுகதை போல இருந்தது. இக்கல்லூரியில் வரலாறு பயில வந்த பிறகே அவள் சொன்னது நேரான உண்மை என்று விளங்கியது. ஓர் இரயில்வே நிறுவனம் தனக்கென்று நீராவிக் கப்பல்கள் கட்டி, தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து கடலின் மேல் தன் பாதையை நீட்டிக்கொண்ட கதை அது. நம் மாவட்டத்தின் கதை. எங்கள் குடும்பத்தின் கதையும் கூட. அதை இயன்றவரை முறையாகச் சொல்ல முயல்கிறேன்.

இரயில்வேக்குக் கப்பல் எதற்கு?

இரயில் கம்பெனிக்குக் கப்பல் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கு விடை இங்கிலாந்தில் இருக்கிறது. இலண்டனிலிருந்து டோவர் துறைமுகம் வரை புகைவண்டி வந்துவிட்டது. அக்கரையில் பிரான்சு நாட்டின் கலே துறைமுகத்திலிருந்து பாரிசுக்கும் புகைவண்டி உண்டு. இடையே குறுகிய கடல். அக்கடலைக் கடத்திவிடும் கப்பல் வேறொருவருடையதாக இருந்தால், வண்டி வரும் நேரத்துக்குக் கப்பல் காத்திராது. கப்பல் வரும் நேரத்துக்கு வண்டி இராது. பயணி இரண்டு முறை சீட்டு வாங்கவேண்டும். மூட்டையை இரண்டு முறை ஒப்படைக்கவேண்டும். ஆகவே இரயில் கம்பெனிகள் பாராளுமன்றத்தின் அனுமதி பெற்றுத் தாமே கப்பல் உடைமையாளர்கள் ஆயின. கப்பலுக்கு இணைப்பாக ஓடும் வண்டிக்குப் 'போட் டிரெயின்' என்ற பெயர் அங்கேதான் வழங்கியது.

நம் பகுதியில் இருப்புப்பாதை அமைத்த தென்னிந்திய இரயில்வேயும் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியே. டோவரில் கண்ட வழியை அது தென்கோடித் தமிழகத்துக்கும் கொண்டுவந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. டோவர் வழியே சென்றவர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வருவதற்காகவே சென்றவர்கள். நம் கரையிலிருந்து சென்றவர்களில் பல்லாயிரவர் திரும்பும் நாள் அறியாமலே சென்றவர்கள். இதைப் பின்னர் காண்போம்.

தூத்துக்குடி வழி

1914க்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு செல்பவர் எழும்பூரில் வண்டியேறித் தூத்துக்குடி வருவார். அக்காலத் தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் இல்லை. கரையோரம் ஆழமின்மையால் பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் அலைக்கழிந்து சென்று கப்பலேற வேண்டும். பிறகு ஓர் இரவு முழுதும் கடற்பயணம்.

இந்தத் தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தைத்தான் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தன் கைக்குள் வைத்திருந்தது. அதை எதிர்த்தே வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் கொண்டுவந்தார். 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911க்குள் சங்கம் கலைந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது, வடக்கே பாம்பன் கடலில் தூண்கள் எழுந்துகொண்டிருந்தன. எந்தத் தடத்துக்காக அவர் செக்கிழுத்தாரோ, அந்தத் தடத்தின் பயணிகளையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் புதிய வழி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது!

பாலமும் மூன்று கப்பல்களும்

இலங்கைக்கும் நமக்கும் இடையே கடல் மிகக் குறுகுவது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில்தான். ஏறத்தாழ 22 மைல். இடையே ஆதம் பாலம் எனப்படும் சேதுவின் மணல்திட்டுகள். அத்திட்டுகளின் மேலேயே தண்டவாளம் போட்டு இலங்கையை எட்டிவிடலாமா என்று கூட ஆராய்ந்தார்கள். இறுதியில் பாம்பன் வரை பாலம், அதற்கப்பால் கப்பல் என்று முடிவாயிற்று.

1911இல் தொடங்கிய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம். கப்பல்களுக்கு வழிவிட இரு இறக்கைகளாக மேலெழும் ஷெர்சர் தூக்கு நடுவே. அதே ஆண்டில் இலங்கை அரசின் இரயில்வேயும் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை தன் பாதையை முடித்தது. இரு கரைகளிலும் புகைவண்டி கடலின் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது.

இடையில் இருந்த கடலுக்காகத் தென்னிந்திய இரயில்வே மூன்று நீராவிக் கப்பல்களைக் கட்டச் சொல்லியிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏ. அண்டு ஜே. இங்கிலிஸ் என்ற கப்பல் தளத்தில் 1913இல் அவை உருவாயின. பெயர்கள்: 'கர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்சு'. மூவரும் இந்தியாவின் வைஸ்ராய்களாக இருந்தவர்கள். பின்னாளில் 'இர்வின்', 'கோஷன்' என்ற கப்பல்கள் வந்தன. இர்வின் 1926 முதல் 1931 வரை வைஸ்ராய்; கோஷன் 1924 முதல் 1929 வரை சென்னை மாகாண ஆளுநர். எந்தக் காலத்துக் கப்பல் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

சென்னையில் மாலையில் வண்டியேறுபவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி சேருவார். வண்டி கப்பல்துறை வரையே செல்லும். இறங்கிச் சில அடிகள் நடந்தால் கப்பல். சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கேயும் கப்பல்துறையிலேயே வண்டி காத்திருக்கும். இரவெல்லாம் ஓடி அது காலையில் கொழும்பு சேரும். சென்னையில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்பு வரை செல்லும். கையில் இருந்த சீட்டுக்குக் கடல் என்று ஒன்று தெரியாது. வழியில் அதுவும் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம்தான்.

நம் பக்கத்துப் பாதை மீட்டர் அளவு; இலங்கைப் பாதை அதைவிட அகலமானது. ஆகையால் ஒரே பெட்டி இரு கரையிலும் ஓட வழியில்லை. கப்பலின் இரு முனைகளிலும் மூட்டைகளைத் தலையில் சுமந்து மாற்றியவர்கள் போர்ட்டர்கள். தனுஷ்கோடியில் புகைவண்டி நிலையம், சுங்கச்சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை என ஒரு சிறு நகரமே எழுந்தது. மணல் தவிர வேறு விளையாத முனையில் அந்நகரம் உயிர் வாழ்ந்தது கப்பலின் தயவால்தான்.

டர்பைன் என்னும் பொறி

இக்கப்பல்கள் சாதாரண நீராவிக் கப்பல்கள் அல்ல, டர்பைன் கப்பல்கள். இயற்பியல் துறை நண்பர்கள் பிழை பொறுப்பார்களாக. நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

பழைய நீராவி இயந்திரத்தில் ஆவி ஓர் உருளைக்குள் புகுந்து பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தண்டுகள் சுழற்சியாக மாற்றும். நம்மூர்ப் பழைய கரி எஞ்சினின் சக்கரத்தருகே இரும்புக்கை முன்னும் பின்னும் போய்வந்ததைப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். டர்பைனிலோ பிஸ்டனே இல்லை. ஓர் அச்சைச் சுற்றி நெருக்கமாகப் பதித்த தகடுகளின் மேல் ஆவி பாய்ந்ததும், காற்றாடி சுழல்வதுபோல் அச்சு நேரடியாகச் சுழல்கிறது. சார்லஸ் பார்சன்ஸ் என்பவர் 1884இல் இதை உருவாக்கினார். 1897இல் பிரிட்டிஷ் கடற்படை அணிவகுத்து நின்றபோது, தாம் கட்டிய 'டர்பினியா' என்ற சிறு கப்பலை அவ்வணியினூடே விரட்டிக்காட்டி உலகை வியக்கவைத்தார். 1903இல் டோவர்–கலே கடலில் 'தி குயின்' என்ற டர்பைன் கப்பலை ஓட்டியதும் ஓர் இரயில் கம்பெனியே.

டர்பைனின் நன்மை மூன்று. முதலாவது வேகம். இரண்டாவது, ஆட்டமும் அதிர்வும் குறைவு. மூன்றாவது நம் கடலுக்கு மிகப் பொருந்துவது. தொடக்ககால டர்பைன்கள் மிக விரைவாகச் சுழன்றதால் அவற்றோடு சிறிய திருகுவிசிறிகளையே பொருத்த முடியும். ஒரு பெரிய விசிறிக்குப் பதிலாக இரண்டு மூன்று சிறிய விசிறிகள். ஆழமில்லாத நீரில் அவை வசதி. பாக் நீரிணை ஆழமில்லாத கடல் என்பதை நம் மீனவ நண்பர்கள் அறிவார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அவர்கள் சொல்வார்கள். பருவக்காற்று மாறும்போது ஒன்று அடங்க மற்றொன்று பொங்கும். அந்த இரு கடல்களும் கூடும் முனையில், வண்டியின் கால அட்டவணை தவறாமல் கப்பல் ஓட்டுவது எளிய செயல் அன்று.

காகிதச் சீட்டும் தகரச் சீட்டும்

இதுவரை சொன்னது முதல் வகுப்பின் கதை. இனி எங்கள் முன்னோரின் கதை.

இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்களும், அவை அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. வேலைக்கு ஆள் நம் மாவட்டங்களிலிருந்தே சென்றனர். பஞ்சமும் கடனும் ஊரைவிட்டுத் துரத்தின; கங்காணி முன்னே அழைத்துச் சென்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் தோணிகளில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தார்கள். நீரின்றியும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். தலைமன்னார்ப் பாதையும் இரயில்வேக் கப்பலும் வந்தபின் அப்படி நடக்கவேண்டிய தேவை இல்லை. இந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆனால் கப்பலேறுமுன் மண்டபத்தில் முகாம் ஒன்று இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தோட்டத்துக்குச் செல்பவர்களை அங்கே சில நாட்கள் தடுத்து வைத்து, அம்மை குத்தி, துணிகளை ஆவியில் அவித்து, நோயில்லை என்று கண்டபின்னரே கப்பலுக்கு அனுப்புவர்.

சீட்டும் வேறு. 1901இல் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களுக்குத் தகரச் சீட்டு முறை வந்திருந்தது. வட்டமான ஒரு தகரத் துண்டு. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்திருக்கும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், படிக்கத் தெரியாதவரையும் எந்தத் தோட்டத்துக்கு அனுப்பவேண்டும் என்பது வழியிலுள்ள அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும். இரயிலிலும் கப்பலிலும் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

நண்பர்களே, இந்த இரு சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பயணி எங்கே போக விரும்புகிறான் என்பதைச் சொல்லும் காகிதம். மற்றொன்று ஓர் ஆளை எங்கே ஒப்படைக்கவேண்டும் என்பதைச் சொல்லும் தகரம். ஒரே கப்பல், ஒரே கடல், அதே இரண்டு மணி நேரம். மேல்தட்டில் நின்றவர் கண்ட கடலும் கீழே மூட்டையோடு ஒடுங்கியிருந்தவர் கண்ட கடலும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

என் அப்பாயியின் பாட்டியார் அப்படிச் சென்றவர். பிள்ளைப்பேற்றின்போது தாயத்தைக் கழற்றினாலும் அந்தத் தகரத்தை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொள்வாராம். "அதுதான் ஊருக்குத் திரும்பி வர்ற சீட்டுன்னு நெனச்சிருக்கு பாவம். அது போறதுக்கு மட்டும்தான்னு யாரும் சொல்லல" என்பாள் அப்பாயி.

சீட்டிலிருந்து கடவுச்சீட்டுக்கு

1939 ஆகஸ்டில், பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடுத்தது. 1944இல் தென்னிந்திய இரயில்வே கம்பெனியின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது; 1951இல் தென்னக இரயில்வேயுடன் ஒன்றியது. இலங்கையில் 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை எந்நாட்டுக்கும் உரியவர் அல்லர் ஆக்கியது. அதே ஆண்டில் குடிவரவுச் சட்டமும் வந்தது. அதுவரை இரயில் சீட்டால் கடந்த கடலைக் கடக்கக் கடவுச்சீட்டும் விசாவும் தேவையாயின. 'கள்ளத்தோணி' என்ற சொல் வசையாக மாறிய காலமும் அதுவே. கடல் அதே 22 மைல்தான். இடைவெளி மட்டும் அகன்றுவிட்டது.

1964ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள். அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்று நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்றும் முடிவு. அந்த எஞ்சியோரையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தமாகி இரண்டு மாதங்கள் கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவில் பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி கடல் அலையில் முழுகியது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளும் ஊழியர்களும் அதில் இருந்தனர், ஒருவரும் மிஞ்சவில்லை. முழுகியது போட் மெயில் என்று பலர் சொல்லக் கேட்கிறோம், அது தவறு. விடிந்தபோது நிலையமும் கப்பல்துறையும் ஊரும் மணலும் நீருமாகக் கிடந்தன.

பாம்பன் பாலத்தின் உத்திரங்களில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோயிருந்தது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் சீர்செய்தனர். ஆனால் தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் போடவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்பதாக நாம் ஒப்புக்கொண்ட அதே குளிர்காலத்தில், அவர்கள் வந்து இறங்கவேண்டிய துறை கடலுக்குள் போயிற்று.

இராமானுஜம்

கப்பல் போக்குவரத்து பின்னர் இராமேசுவரத்துக்கு மாறியது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பலின் பெயர் 'இராமானுஜம்'. வைஸ்ராய்களின் பெயர்கள் போய் நம்மூர்ப் பெயர் வந்தது. ஆனால் அதில் வந்தவர்களோ தாங்கள் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள்.

என் அப்பாயி அட்டன் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1973இல், இருபது வயதில், கையில் ஐந்து மாதக் குழந்தையோடு இராமானுஜத்தில் ஏறினாள். அந்தக் குழந்தை என் பெரியப்பா. தாத்தாவின் குடும்பம் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அப்பாயியின் அக்காள் கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருந்த அக்காளும் தங்கையும் இரண்டு படிவங்களால் இரண்டு நாட்டவர் ஆனார்கள்.

"அழுதீங்களா அப்பாயி?" என்று கேட்டேன்.

"அட்டன் ஸ்டேசன்ல எல்லாரும் அழுதாக. எனக்கு அழுக வரல. அக்கா சொல்லுச்சு, ஏண்டி, கோச்சியில ஒரு ராத்திரி, கப்பல்ல ஒரு பொழுது, அம்புட்டுத்தானே, மறு பொங்கலுக்குப் புள்ளையத் தூக்கிட்டு வந்திருன்னு. நானும் சரின்னேன். பக்கந்தானே."

பக்கந்தானே! இந்த ஒரு சொல்லில் அரை நூற்றாண்டு இரயில்வேக் கப்பலின் வரலாறு அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தூரத்தை மைலால் மக்கள் அளப்பதில்லை. எத்தனை முறை வண்டி மாறவேண்டும், எவ்வளவு காசு ஆகும், எவரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பவற்றால் அளக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கோச்சியும் கப்பலும் ஒன்றோடொன்று கைகோத்து ஓடியதால், அட்டனில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பரமக்குடி பக்கமாக இருந்தது.

இறங்கியபின் மண்டபம் முகாம். பாட்டியார் கப்பலேறுமுன் தங்கிய அதே முகாமில் பேத்தி கப்பலிறங்கித் தங்கினாள். "அதே எடமான்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தச் செவுத்தையாவது தொட்டுப் பாத்திருப்பேன்" என்கிறாள்.

மறு பொங்கலுக்குப் போகக் கையில் காசில்லை. அடுத்த ஆண்டு என் அப்பா பிறந்தார். பிறகு மழையில்லை. இப்படியே பத்தாண்டுகள். 1983 ஜூலைக் கலவரத்தின் பின் இலங்கையில் போர் மூண்டது. அக்காலத்தில் கப்பலும் நின்றது. தலைமன்னார்ப் பாதையில் வண்டிகள் நின்றன. அதன்பின் அக்கடலைக் கடந்தவர்கள் உயிருக்கு அஞ்சிச் சிறு படகுகளில் வந்த அகதிகள். அவர்களையும் மண்டபம் முகாமே ஏற்றது. போனவர், திரும்பியவர், ஓடிவந்தவர் என மூன்று தலைமுறைகளை அந்த ஒரே முகாம் கண்டுவிட்டது.

எஞ்சியிருப்பவை

நம் கப்பல்களைக் கட்டிய அதே கிளாஸ்கோ தளம் 1946இல் ஓர் ஆங்கிலேய இரயில் கம்பெனிக்காக 'வேவர்லி' என்ற துடுப்புச்சக்கரக் கப்பலைக் கட்டியது. 1974இல் அதை ஒரே ஒரு பவுனுக்கு ஆர்வலர் சங்கம் ஒன்று வாங்கிக்கொண்டது. பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பழுதுபார்த்து, இந்த நூற்றாண்டிலும் அதில் பயணிகளை ஏற்றி ஓட்டி வருகிறார்கள். நம் கரையில் கர்சனும் எல்ஜினும் ஹார்டிஞ்சும் ஓடியதைச் சொல்ல ஒரு கல்வெட்டைக் கூட நான் கண்டதில்லை. தனுஷ்கோடியில் தேவாலயச் சுவரும் நிலையத்தின் இடிபாடும் நிற்கின்றன. சுற்றுலா வருவோர் அவற்றின் முன் நின்று படமெடுத்துச் செல்கிறார்கள்.

இழந்தவற்றுள் சில மீண்டுள்ளன. தலைமன்னார் கப்பல்துறை வரை வண்டி 2015இல் மீண்டும் ஓடியது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று 2024இல் மறுபடி தொடர்ந்தது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரலில் புதிய தூக்குப்பாலம் திறக்கப்பட்டது. பாதியாகிப் போன வண்டிக்குப் போட் மெயில் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்மாவட்டத்தில் இக்கப்பலோடு தொடர்பில்லாத வீடுகள் குறைவு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பயணச்சீட்டோ, தகரத் துண்டோ, தோட்டத்துப் பற்றுச்சீட்டோ, எண் எழுதிய டிரங்குப் பெட்டியோ இருக்கலாம். பழைய இரும்புக்காரனுக்குப் போடுமுன் ஒருமுறை நம் வரலாற்றுத் துறைக்குக் கொண்டுவாருங்கள். தனுஷ்கோடித் துறையில் மூட்டை சுமந்தவர், இராமானுஜத்தில் வந்தவர் எவரேனும் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வயதாகிறது. இந்த வரலாற்றில் அரசின் பக்கம் கோப்புகளில் இருக்கிறது. மக்களின் பக்கம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது.

எங்கள் பாட்டியாரின் தகரச் சீட்டு எங்களிடம் இல்லை. அது அக்காளிடம் அட்டனில் இருக்கிறதாம். சென்ற தைப்பொங்கலன்று கைபேசியில் இருவரும் முகம் பார்த்துப் பேசினார்கள். அக்காளுக்கு எழுபத்தாறு, காது மந்தம். அந்தத் தகரத்தைக் கைபேசியின் முன் தூக்கிக் காட்டினார். எண் தேய்ந்து போயிருந்தது.

மதுரையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்தில் கொழும்பு போய்விடலாம், பணம் சேர்த்து அழைத்துப் போகிறேன் என்று அப்பாயியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "நாகப்பட்டணத்துல கப்பல் விடுறாங்கன்னியே, அதுல ஏறுனா அங்கிட்டு எறங்கி கோச்சி பிடிக்கலாமா?" என்று கேட்டாள்.

பிடிக்கலாம் என்றேன். பிறப்புச் சான்று இல்லாததால் அவளுக்குக் கடவுச்சீட்டு இன்னும் கிடைக்கவில்லை. 1973இல் கையில் கொடுத்து அனுப்பிய தாள்களையெல்லாம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். தேர்வு முடிந்ததும் மறுபடி விண்ணப்பிக்கவேண்டும்.